மலிவு விலை டிவிடி பிளேயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும் சாதாரண டிவிடி பிளேயரைப் பற்றிய பக்கம் இது. முன்னால் ஒரு யூஎஸ்பி துளை, பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு சாக்கெட்டுகள், கூடவே லேசான ஒரு ரிமோட். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தவரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ரிப்பேர் என்று ஓரங்கட்டப்படும் பிளேயர்களில் நிறையவற்றுக்கு ரிப்பேரே கிடையாது. ஒரு வயர் மாறியிருக்கும், இல்லையென்றால் ஒரு செட்டிங் மாறியிருக்கும். அதனால் காயலான் கடைக்குப் போடுமுன் ஒருமுறை இதைப் படித்துவிடுங்கள்.

எல்லாம் போனிலேயே வருகிறதே, இனிமேல் டிவிடி பிளேயர் எதற்கு?

புதுப் படம் பார்க்க மட்டும்தான் என்றால் வேண்டாம். ஆனால் 2000களின் நடுவிலிருந்து பல வருடங்களுக்கு நம் வீட்டு விசேஷங்கள் எல்லாம் வீடியோக்காரரிடமிருந்து டிவிடியாகத்தான் வந்தன. கல்யாணம், சீமந்தம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் எதுவானாலும் அப்படித்தான். அவை எந்த ஓடிடியிலும் கிடைக்காது. வாசலில் நின்று பன்னீர் தெளித்த பெரியப்பா இன்று உயிரோடு இல்லையென்றால், அவர் நடந்து பேசுவதைப் பார்க்க அந்த ஒரு டிஸ்க்தான் வழி. பீரோவில் அப்படி ஒன்று இருந்தாலே வீட்டில் வேலை செய்யும் பிளேயர் ஒன்றும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு காரணம் வயதானவர்கள். லாகின், நெட், விளம்பரம் எதுவும் இல்லாமல் டிஸ்க்கை வைத்தால் படம் ஓடுகிறது. ஓர் அம்மாவோ தாத்தாவோ யாருடைய உதவியும் இல்லாமல் தாங்களே போட்டுப் பார்க்க முடிகிறது என்பது சின்ன விஷயமில்லை. மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்ற காலத்தில் வாங்கிச் சேர்த்த பழைய படங்களும் பல வீடுகளில் அப்படியே இருக்கின்றன.

புதிதாக வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் உங்கள் டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ (படமும் சத்தமும் ஒரே வயரில் வரும் தட்டையான துளை) இருந்தால் ஹெச்டிஎம்ஐ உள்ள பிளேயரையே வாங்குங்கள். கொஞ்சம் கூட விலை கொடுத்தாலும் பின்னால் தலைவலி குறையும். பழைய பெட்டி டிவி என்றால் மூன்று வண்ண வயர் போதும்.

கடைக்குப் போகும்போது வீட்டில் இருப்பதிலேயே அதிகம் கீறல் விழுந்த டிஸ்க் ஒன்றையும் கல்யாண டிஸ்க் ஒன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் புது டிஸ்க் எல்லா பிளேயரிலும் நன்றாகத்தான் ஓடும். உங்கள் டிஸ்க் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

அட்டைப்பெட்டியில் ‘1080 அப்ஸ்கேலிங்’ என்று பெரிதாகப் போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ‘பால்’ (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் வரும் நம் ஊர் டிவிடியில் பதிவாகியிருப்பதே 720க்கு 576 புள்ளிகள்தான். அதைப் பெரிய திரைக்கு ஏற்ப நிரவிக் காட்ட முடியுமே தவிர, டிஸ்க்கில் இல்லாத நுணுக்கத்தை எந்தப் பெட்டியாலும் கொண்டுவர முடியாது.

புது எல்இடி டிவியில் மூன்று வண்ண சாக்கெட்டே இல்லையே?

பக்கவாட்டில் ஹெட்போன் துளை மாதிரி ‘ஏவி’ என்று எழுதிய ஒரு சின்னத் துளை இருக்கிறதா பாருங்கள். ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் பின்னும் மறுமுனையில் மூன்று வண்ணமும் உள்ள வயர் அதற்கு வேண்டும். இந்த வயரில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே எந்தக் கம்பி எந்த வண்ணத்துக்குப் போகிறது என்பது டிவிக்கு டிவி வேறுபடும். ஸ்பீக்கரில் ‘கொர்ர்’ என்ற இரைச்சல் மட்டும் வந்து படம் வராவிட்டால், பட சிக்னல் சத்தத்தின் வழியில் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூன்று வண்ணங்களையும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் ஏதோ ஒரு வரிசையில் படம் வந்துவிடும்.

அந்தத் துளையும் இல்லாவிட்டால், ஏவியை (மூன்று வண்ண வயரில் வரும் சிக்னலை) ஹெச்டிஎம்ஐ ஆக்கும் தீப்பெட்டி அளவு கன்வெர்ட்டர் ஒன்று விற்கிறது. வாங்கும்போது திசையைக் கவனியுங்கள். ஏவியிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றுவது வேறு, ஹெச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றுவது வேறு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்; ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யாது.

சத்தம் வருகிறது, படம் வரவில்லை. அல்லது படம் உருளுகிறது, கறுப்பு வெள்ளையாக வருகிறது.

பத்துக்கு எட்டு இடத்தில் யாரோ ரிமோட்டில் ‘வி-மோட்’ அல்லது ‘பி-ஸ்கேன்’ பட்டனை அழுத்தியிருப்பார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் கேட்கவே வேண்டாம். அந்தப் பட்டன், படத்தை எந்த சாக்கெட் வழியாக அனுப்புவது என்பதை மாற்றிவிடும். அதையே ஒவ்வொரு முறையாக அழுத்தி, நடுவில் நாலைந்து நொடி பொறுத்துப் பாருங்கள். சுற்றி வந்து ஒரு கட்டத்தில் படம் தெரியும். உருளுவதும் நிறம் போவதும் நம் ஊர் பால் முறையும் அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையும் மாறியதால் வருபவை. ரிமோட்டில் ‘பால்/என்டிஎஸ்சி’ பட்டனோ, செட்டப்பில் ‘டிவி டைப்’ என்ற வரியோ இருக்கும். பழைய பெட்டி டிவிக்குப் ‘பால்’ என்றே வையுங்கள்.

பாட்டும் சண்டையும் காதைக் கிழிக்கின்றன, பேசுவது மட்டும் கேட்கவில்லை. டிஸ்க் மோசமா?

டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. பலர் இதற்காகவே பிளேயரை மூலையில் வைத்துவிடுகிறார்கள் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன்.

5.1 என்று போட்டிருக்கும் டிஸ்க்கில் சத்தம் ஆறு தனி வழிகளில் பதிவாகியிருக்கும். முன்னால் இடம், வலம், பின்னால் இடம், வலம், நடுவில் ஒன்று, அதிர்வுக்கு ஒன்று. வசனம் பெரும்பாலும் அந்த நடு வழியில்தான் இருக்கும். உங்கள் டிவிக்குப் போவதோ வெள்ளை, சிவப்பு என இரண்டே வயர்கள். பிளேயர் ‘5.1’ என்ற செட்டிங்கில் இருந்தால், நடு ஸ்பீக்கருக்கான வசனத்தை அதற்குரிய சாக்கெட்டுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். அங்கே எதுவும் மாட்டியிருக்காது. இசையும் வெடிச்சத்தமும் இரண்டு வயரில் வந்துவிடும், பேச்சு காற்றில் போய்விடும்.

செட்டப்பில் ‘ஸ்பீக்கர் செட்டப்’ பக்கத்துக்குப் போய் ‘டவுன்மிக்ஸ்’ என்பதை ‘ஸ்டீரியோ’ என்று மாற்றுங்கள். ஆறு வழிகளும் இரண்டாகக் கலந்து வரும், வசனம் பளிச்சென்று கேட்கும். இரவில் மெதுவாக வைத்துப் பார்ப்பவர்கள் அப்படியே ‘டால்பி டிஜிட்டல்’ பக்கத்தில் ‘டைனமிக்’ என்ற அளவை ‘ஃபுல்’ பக்கம் நகர்த்தலாம். மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளி குறையும்.

உள்ளூரில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை நேர் எதிர். அவர்கள் ஆறு வயரையும் மாட்டிவிட்டு ‘5.1’ என்று வைக்க வேண்டும். ஸ்டீரியோவில் விட்டுவிட்டு நடு ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம்.

என் பிளேயர் வேறு கம்பெனி. நீங்கள் சொல்லும் மெனு அதில் இருக்குமா?

பெரும்பாலும் இருக்கும். மலிவு பிளேயர்களில் ஏராளமானவற்றுக்கு உள்ளே இருப்பது மீடியாடெக் நிறுவனத்தின் எம்டி1389 வகைச் சிப்தான். அதனால் வெளியே பெயர் வேறாக இருந்தாலும் மெனு கிட்டத்தட்ட ஒரே முகமாக இருக்கும்.

செட்டப்பில் சில வரிகள் மங்கலாக இருக்கின்றன, உள்ளே போக முடியவில்லை.

‘ஸ்டாப்’ பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள். முதல் அழுத்தலில் படம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்; இரண்டாவதில்தான் முழுசாக நிற்கும். அப்புறம் எல்லாப் பக்கமும் திறக்கும். டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டும் மாற்றலாம்.

எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்களே?

செட்டப்பில் திரை வடிவத்தை 16:9 என்று வைத்துவிட்டு, டிவி ரிமோட்டில் படத்தின் அகலத்தை டிஸ்க்குக்கு ஏற்ப மாற்றுங்கள். 2010க்கு முன் எடுத்த கல்யாண வீடியோக்களில் பல 4:3 அளவில் இருக்கும். அவற்றை இழுத்து நிரப்பாமல், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டே பாருங்கள். மணப்பெண்ணின் முகத்தை அகலமாக்கிப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

‘நோ டிஸ்க்’ என்று வருகிறது. லென்ஸ் போய்விட்டதா?

மெக்கானிக் ‘லென்ஸ் போச்சு’ என்று சொல்லுமுன் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். ஒரு பழைய விசிடி அல்லது பாட்டு சிடியையும், கடையில் வாங்கிய ஒரு டிவிடியையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். சிடியைப் படிப்பது கண்ணுக்குத் தெரியாத 780 நானோமீட்டர் லேசர். இரண்டு கதிரும் ஒரே சின்ன லென்ஸ் வழியாகத்தான் வெளியே வருகின்றன. சிடி ஓடி எந்த டிவிடியும் ஓடாவிட்டால் சிவப்பு லேசர் தளர்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். இரண்டுமே தடுமாறினால் லென்ஸ் மேல் தூசியாக இருக்க வாய்ப்பு அதிகம். கல்யாண டிஸ்க் மட்டும் தடுமாறினால் பிளேயரைக் குறை சொல்ல வேண்டாம், டிஸ்க்கைக் கவனியுங்கள்.

தூசியைத் துடைப்பது கைப்பழக்கம் உள்ளவர்களுக்குக் கடினமில்லை. பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள். பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும், அந்தப் பக்கம் கையே போகக் கூடாது. மூடியைக் கழற்றினால் ட்ரேக்குக் கீழே கடுகைவிடச் சற்றே பெரிய, நீலச்சாயல் அடிக்கும் கண்ணாடித் துளி மாதிரி ஒன்று தெரியும். அதுதான் லென்ஸ். தலைமுடி போன்ற கம்பிகளில் தொங்கிக்கொண்டிருப்பதால் தொட்டாலே அசையும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஈரம் படும் அளவுக்கு மட்டும் தொட்டு, அழுத்தாமல் ஒரு சுற்று துடைத்தால் போதும். மூடி திறந்திருக்கும்போது பிளேயரை ஓடவிட்டு உள்ளே குனிந்து பார்க்காதீர்கள். லேசர் கண்ணுக்கு ஆகாது.

ட்ரே வெளியே வர மாட்டேன் என்கிறது.

மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் ட்ரே நகரவில்லையென்றால், உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டது. மாற்றுவது சொற்பச் செலவுதான். அவசரத்துக்கு, பிளக்கைப் பிடுங்கி மூடியைத் திறந்து, பெல்ட் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ட்ரே வெளியே வரும்.

ஆன் செய்தால் லைட் மட்டும் மினுக்குகிறது, இல்லையென்றால் ‘லோட்’ என்றே நிற்கிறது.

பவர் சப்ளை போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருக்கலாம். நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும், கெட்டது மேடுதட்டியிருக்கும். சில ரூபாய்ப் பொருள்தான், ஆனால் சால்டரிங் தெரிந்தவர் கையால் மாற்றுவதே நல்லது.

பென்டிரைவில் போட்ட படம் ஏன் ஓடவில்லை?

மூன்று விஷயங்களில் ஏதாவது ஒன்று காரணமாக இருக்கும். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் என்ற வேறு ஃபார்மேட் முறைகளை இந்தப் பிளேயர்கள் பொதுவாகப் படிக்காது. 16 அல்லது 32 ஜிபிக்குள் வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லை குறைவு.

அடுத்தது படத்தின் வகை. டிவிடி எம்பெக்-2 என்ற முறையில் பதிவாகிறது, விசிடி எம்பெக்-1. பழைய ஏவிஐ படங்கள் டிவ்எக்ஸ், எக்ஸ்விட் முறையில் இருக்கும். பெரும்பாலான மலிவு பிளேயர்களின் சிப்புக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இன்று போனில் எடுக்கும் வீடியோவும், நெட்டில் இறக்கும் எம்பி4, எம்கேவி படங்களும் பெரும்பாலும் ஹெச்.264 அல்லது ஹெச்.265. அவற்றைப் பிரித்துக் காட்ட இந்தச் சிப்பில் வசதி கிடையாது. எந்த அப்டேட்டும் அதைக் கொடுக்காது. கம்ப்யூட்டரில் எக்ஸ்விட் ஏவிஐயாக, அகலம் 720க்கு மிகாமல், சத்தத்தை எம்பி3 ஆக வைத்து மாற்றிப் போட்டால் ஓடும். ஒன்றிரண்டு வீடியோவுக்கு இது சரி. தினமும் இதே வேலை என்றால் உங்கள் டிவியிலேயே யூஎஸ்பி இருக்கிறதா பாருங்கள்; அது பிளேயரைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும்.

மூன்றாவது, ஃபைல் பெயர். தமிழில் பெயர் வைத்தால் பலவற்றில் கட்டம் கட்டமாகத் தெரியும், சிலவற்றில் ஓடவே ஓடாது. ஆங்கில எழுத்தில் சின்னதாகப் பெயர் வையுங்கள். எம்பி3 பாட்டு கேட்க மட்டும் என்றால் இந்தப் பிளேயர் அருமையான பெட்டி. நானூறு பக்திப் பாடலை ஒரு பென்டிரைவில் போட்டுக் காலையில் ஓடவிட்டால் மதியம் வரை கேள்வி கேட்காது.

சிங்கப்பூரிலிருந்து வந்த டிஸ்க் இங்கே ஓடுமா?

ரீஜன் எண்ணை, அதாவது டிஸ்க் எந்த நாடுகளுக்காக விற்கப்பட்டது என்று காட்டும் எண்ணைப் பொறுத்தது. டிஸ்க் உறையின் பின்னால் உருண்டைப் படத்துக்குள் ஒரு எண் இருக்கும். இந்தியாவும் இலங்கையும் 5. சிங்கப்பூர், மலேசியா 3. அமெரிக்கா, கனடா 1. ஐரோப்பாவின் பெரும்பகுதி 2. எண் 0 அல்லது ‘ஆல்’ என்றிருந்தால் எங்கும் ஓடும். நம் ஊரில் விற்கும் மலிவு பிளேயர்களில் பல எல்லா ரீஜனையும் ஏற்றுக்கொள்ளும். விலை உயர்ந்த பிளேயர் மறுக்கும் டிஸ்க்கை அவை அமைதியாக ஓட்டிவிடுவது இதனால்தான். அமெரிக்க டிஸ்க் என்டிஎஸ்சி முறையில் இருக்கும்; படம் உருண்டால் மேலே சொன்ன பட்டனைப் பாருங்கள்.

ப்ளூரே ஓடுமா?

ஓடாது. அதற்கு 405 நானோமீட்டர் ஊதா லேசர் வேண்டும், இதில் அது இல்லை. விசிடி, ஆடியோ சிடி, எம்பி3 சிடி, போட்டோ சிடி எல்லாம் ஓடும்.

கல்யாண டிவிடி நடுவில் சிக்கி நிற்கிறது. காப்பாற்ற வழி உண்டா?

உண்டு, ஆனால் தள்ளிப்போடக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கடையில் வாங்கும் பட டிவிடி அச்சில் அழுத்தித் தயாரானது, அடிப்பக்கம் வெள்ளியாக மின்னும். வீடியோக்காரர் கொடுத்தது கம்ப்யூட்டரில் ரைட் செய்த டிஸ்க், அடிப்பக்கம் லேசான ஊதா நிறம். அதில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெக்கையும் பட்டால் அந்தச் சாயம் கெடும். மேலே தம்பதி போட்டோவை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். ஸ்டிக்கர் ஈரம் உறிஞ்சி, பிறகு காய்ந்து சுருங்கும்போது டிஸ்க்கும் வளையும், வேகமாகச் சுற்றும்போது ஆடும். பல வருடம் ஓடிக்கொண்டிருந்ததே என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாத பொருள் இது. ஸ்டிக்கரைப் பிய்க்கவும் முயலாதீர்கள், டிஸ்க் சேதமாகலாம்.

முதலில் துடைத்துப் பாருங்கள். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால், நடுத் துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோடாகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தகவல் ஓடும் பாதையோடு சேர்ந்தே ஓடும். பிளேயரின் பிழைதிருத்தம் குறுக்கே விழும் கீறலைத் தாண்டிவிடும், நீளவாக்கில் விழுவதைத் தாண்டத் திணறும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும் போதும். பற்பசை, தேங்காயெண்ணெய் வைத்தியம் வேண்டாம்.

அப்புறம் உடனே காப்பி எடுங்கள். லேப்டாப்பில் செருகும் யூஎஸ்பி டிவிடி ரைட்டர் ஒன்றைச் சொந்தபந்தம் நாலு குடும்பம் சேர்ந்து வாங்கினால் ஆளுக்குச் சில நூறுதான் ஆகும். விசேஷ டிஸ்க்குகளுக்குப் பூட்டு எதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் ‘வீடியோ டிஎஸ்’ ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. விஎல்சி என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்க்கலாம். ஒரே ஒரு பதிவு அடுக்கு (லேயர்) உள்ள டிஸ்க் 4.7 ஜிபிக்குள் அடங்கும். போனில் பார்க்கும்படி வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் எம்பி4 ஆக்கித் தரும். அதில் ‘டீஇன்டர்லேஸ்’ என்பதை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஆட்கள் நடக்கும்போது உடம்பில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். எம்பி4 வந்த பிறகும் அந்த ஃபோல்டரை அழிக்காதீர்கள், அதுதான் அசல்.

காப்பி ஆகும்போது ஒரே இடத்தில் நின்றால் மனம் விட வேண்டாம். இன்னொருவருடைய டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று படிக்காத டிஸ்க்கை இன்னொன்று படிப்பது சாதாரணமாக நடக்கும். முழு டிஸ்க்கும் வராவிட்டாலும் உள்ளே விஓபி என்ற பெயரில் ஒவ்வொரு ஜிபியாகப் பிரிந்திருக்கும் ஃபைல்களைத் தனித்தனியாக இழுங்கள். முகூர்த்தம் உள்ள துண்டு நன்றாக இருக்கலாம், பந்தி உள்ள துண்டு மட்டும் போயிருக்கலாம். இதே டிஸ்க் மாப்பிள்ளை வீட்டிலும் பெண் வீட்டிலும் ஒவ்வொன்று இருந்திருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். சம்பந்தி வீட்டுக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடக்கூடிய பிரச்சினைதான் பல நேரம்.

கரண்ட் நிறைய இழுக்குமா? ஸ்டெபிலைசர் வேண்டுமா?

ஓடும்போது பத்துப் பதினைந்து வாட் அளவுதான். ஸ்டெபிலைசர் தேவையில்லை, பின்னால் அச்சிட்டிருக்கும் வோல்டேஜ் அளவைப் பாருங்கள், பலவற்றில் 110 முதல் 240 வரை தாங்கும் என்று இருக்கும். இடி மழை நேரத்தில் மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

ரிமோட் வேலை செய்யவில்லை.

போன் கேமராவைத் திறந்து ரிமோட்டின் முனையைக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். திரையில் ஊதாப் புள்ளி மின்னினால் ரிமோட் நன்றாக இருக்கிறது. பின் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். ரிமோட் இல்லாமல் இந்தப் பிளேயரில் செட்டப் பக்கமே போக முடியாது, அதனால் அதன் பின்பக்க எண்ணை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மாற்று வாங்க உதவும்.

ரிப்பேருக்குக் கொடுப்பதா, புதிதே வாங்குவதா?

பெல்ட், கெப்பாசிட்டர், சாக்கெட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ரிப்பேர் செய்யுங்கள். லென்ஸ் மாற்ற வேண்டுமென்றால் அதன் எண்ணைக் கேளுங்கள். சான்யோ ஹெச்டி62, சோனி கேஹெச்எம்-313 போன்றவை பல கம்பெனிப் பிளேயர்களுக்குப் பொதுவானவை. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் விசாரிக்கலாம். புது பிளேயர் விலையில் பாதியைத் தாண்டிக் கேட்டால் வேண்டாம். மெயின் போர்டு போயிருந்தால் புதிதே வாங்கிவிடுங்கள்.

பழையதைக் காயலான் கடைக்குப் போடுவது என்று முடிவானால், ட்ரேயைத் திறந்து உள்ளே டிஸ்க் இருக்கிறதா பாருங்கள். கரண்ட் ஏறாத பிளேயர் என்றாலும் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டே கொடுங்கள். கடைசியாக ஓடியது பெரும்பாலும் வீட்டு விசேஷ டிஸ்க்காகத்தான் இருக்கும்.